ராத்தலும் கிலோவும் பாஸ்கலும்

திருப்பதியிலிருந்து திருமலைக்கு வண்டியில் ஏறுவோர் அடிவாரத்தில் ஒருமுறை நின்று சக்கரங்களுக்குக் காற்றுப் பார்த்துக்கொள்வது நல்ல வழக்கம். காற்றடிக்கும் கருவியின் முகப்பைச் சற்றே உற்று நோக்கினால், அதில் பெரும்பாலும் இரண்டு வட்டங்கள் இருப்பதைக் காணலாம். ஒரு வட்டத்தில் 10, 20, 30 என்று எண்கள் ஏறும். மற்றொன்றில் 1, 2, 3 என்று ஏறும். முள் ஒன்றுதான், அது காட்டும் அழுத்தமும் ஒன்றுதான். ஆயினும் அதனைச் சொல்லும் மொழிகள் இரண்டு. முதல் வட்டம் சதுர அங்குலத்துக்கு இத்தனை ராத்தல் என்று சொல்கிறது. இரண்டாவது வட்டம் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோகிராம் என்று சொல்கிறது.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழன்பர்களுக்கு இரண்டு மொழிகளுக்கிடையே வாழ்வது புதிதன்று. வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்குமாக ஒரே பொருளை இரண்டு பெயரால் வழங்கி அவர்கள் பழகியவர்கள். பம்பாயிலும் கல்கத்தாவிலும் டில்லியிலும் வாழ்வோர்க்கும் இது பொருந்தும். ஆனால் சொல்லை மாற்றிச் சொன்னால் கேட்பவர் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்வார். அளவையை மாற்றிச் சொன்னால் திருத்துவதற்கு ஆள் இருப்பதில்லை. ‘இரண்டரை’ என்று ஒருவர் கிலோக் கணக்கில் சொன்னதை மற்றொருவர் ‘இருபத்தைந்து ராத்தல்’ என்று எடுத்துக்கொண்டு காற்றடித்தால், சக்கரத்தில் இருக்கவேண்டிய அழுத்தத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பங்கு குறைந்துவிடும். சமதரையில் அது வண்டியைச் சற்றே இழுக்கும். ஆள் நிறைந்த வண்டி, வளைவுக்கு மேல் வளைவாக மலை ஏறி இறங்கும்போதோ, குறைந்த காற்றுடைய டயர் மடிந்து மடிந்து சூடேறும், வெடிக்கவும் கூடும். எனவே, இந்த இரு மொழிகளையும் அவற்றுக்கிடையேயான மொழிபெயர்ப்பையும் அறிந்துகொள்வது ஒவ்வொருவருக்கும் பயன் தருவதாகும்.

அழுத்தம் என்பது யாது? பழைய பாடநூல்களில் இதனை ‘அமுக்கம்’ என்றும் எழுதுவதுண்டு. ஒரு பரப்பின்மேல் ஒரு விசை தாக்கும்போது, அப்பரப்பின் ஒவ்வோர் அலகுக்கும் கிடைக்கும் விசையின் பங்கே அழுத்தம். அரிவாள்மணையில் காயை வைத்து இலேசாக அழுத்தினால் அது துண்டாகிறது. அதே காயை அம்மியின் தட்டையான முகத்தில் வைத்து அதே பலத்தோடு அழுத்தினால் அதற்கு ஒன்றும் நேர்வதில்லை. கையின் விசை இரண்டிடத்தும் ஒன்றே. மணையின் கூர்முனையில் அது மயிரிழையளவு பரப்பில் குவிகிறது. அம்மியில் பரந்து போகிறது. ஆகவே அழுத்தத்தைச் சொல்ல இரண்டு அளவைகள் ஒருங்கே தேவைப்படுகின்றன: விசைக்கு ஒன்று, பரப்புக்கு ஒன்று. அழுத்த அளவையை மாற்றுவது எடையையோ நீளத்தையோ மாற்றுவதைவிடச் சிறிது சிக்கலாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. இங்கே மேலும் மாறுகிறது, கீழும் மாறுகிறது.

கணக்கை நாமே ஒருமுறை போட்டுப் பார்ப்போம். ஒரு ராத்தல் என்பது 453.59 கிராம். ஓர் அங்குலம் என்பது 2.54 சென்டிமீட்டர், ஆதலால் ஒரு சதுர அங்குலம் 2.54-ஐ 2.54-ஆல் பெருக்க வரும் 6.4516 சதுர சென்டிமீட்டர். ஒரு ராத்தல் எடை ஒரு சதுர அங்குலத்தின்மேல் அமர்ந்திருக்கிறது என்றால், 453.59 கிராம் 6.4516 சதுர சென்டிமீட்டரில் பகிர்ந்துகொள்ளப்படுகிறது. வகுத்துப் பார்த்தால் சதுர சென்டிமீட்டர் ஒன்றுக்கு 70.3 கிராம் வருகிறது. இதைத் திருப்பிச் சொன்னால், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் என்பது சதுர அங்குலத்துக்கு 14.22 ராத்தலாகும். இனி எழுத்து வளராதிருக்க, முன்னதை ‘கிலோ அழுத்தம்’ என்றும், பின்னதை ‘ராத்தல் அழுத்தம்’ என்றும் வழங்குவோம். இன்று பட்டறைகளில் ‘பி.எஸ்.ஐ.’ என்று சொல்லப்படுவது இந்த ராத்தல் அழுத்தமே.

மனக்கணக்குக்கு எளிய வழி உண்டு. ராத்தல் அழுத்தத்தை ஏழால் பெருக்கி, நூறால் வகுத்தால் கிலோ அழுத்தம் கிடைக்கும். காரின் சக்கரத்துக்கு 32 ராத்தல் என்றால், 32-ஐ ஏழால் பெருக்க 224. நூறால் வகுக்க 2.24. சரியான விடை 2.25. ஆயிரத்துக்கு நான்கு பங்குக்கும் சற்று மேலான இப்பிழை டயருக்குப் பொருட்டன்று. மறுபக்கம் செல்லவேண்டுமானால், கிலோ அழுத்தத்தைப் பதினான்கால் பெருக்கி, கிலோ ஒன்றுக்குக் கால் ராத்தல் கூட்டிக்கொள்க. லாரியின் சக்கரத்துக்கு எட்டுக் கிலோ என்றால், எட்டுப் பதினான்கு 112. எட்டுக் கால் 2. ஆக 114 ராத்தல். நுட்பமாகக் கணக்கிட்டாலும் 113.8 தான் வரும்.

இவ்விரு முறைகளும் நம் நாட்டில் ஒருங்கே வழங்குவதற்கு ஒரு வரலாறு உண்டு. 1911-இல் சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் அமைக்கப்பெற்றபோது, அங்காடிகளில் பலமும் வீசையும் மணங்கும் வழங்கின. நாற்பது பலம் ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு. பட்டறைகளிலும் ரயில் நிலையங்களிலும் ஆங்கிலேயர் கொணர்ந்த ராத்தலும் அங்குலமும் வழங்கின. சந்தைக்கு ஒரு கணக்கு, யந்திரத்துக்கு ஒரு கணக்கு என்ற நிலை அது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அதனுள் சென்றது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. இவ்வாறு மாநில எல்லைகள் வரையப்பெற்ற அதே ஆண்டுகளில் நாடு முழுவதற்கும் ஒரே அளவை முறையும் வகுக்கப்பட்டு வந்தது. 1956-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் மெட்ரிக் முறையை ஏற்றது. 1957-இல் நயா பைசா வந்தது. 1958 முதல் கிலோவும் மீட்டரும் படிப்படியாகப் புகுத்தப்பட்டு, 1962-இல் வியாபாரத்தில் கட்டாயமாயின. அளவைகளுக்குரிய மூலப்படிகளைக் காக்கும் டில்லி தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தின் முதல் இயக்குநராக விளங்கியவர் தமிழ்நாட்டு விஞ்ஞானி கே. எஸ். கிருஷ்ணன் என்பது நாம் நினைத்துப் பெருமை கொள்ளத்தக்கது.

வீசை மறைந்தது, மணங்கும் மறைந்தது. ஆனால் ராத்தல் அழுத்தம் மட்டும் மறையவில்லை. ஏன்? தராசுக்கல்லை ஒரே நாளில் மாற்றிவிடலாம். கொதிகலனை மாற்ற இயலாது. அளவைச் சட்டம் வருவதற்கு முன்னரே வந்துவிட்ட யந்திரங்கள், அது வந்த பின்னும் பல்லாண்டுகள் உழைத்தன. மீட்டர் பாதையில் ஓடிய வை.பி. வகை நீராவி யந்திரத்தின் கொதிகலன் அழுத்தம் 210 ராத்தல். அகலப் பாதையில் ஓடிய டபிள்யூ.பி. யந்திரத்துக்கும் அதுவே. நம் ஏழாம் வாய்ப்பாட்டால் பார்த்தால் அது 14.7 கிலோ. காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலை வழியே திருப்பதி சென்ற பாதையும் முன்னாளில் மீட்டர் பாதைதான். இன்று அஃது அகலப் பாதை. ரயில் வண்டியின் காற்றுத் தடைக்குழாயில் இருக்கவேண்டிய அழுத்தம் ஐந்து கிலோ என்று மெட்ரிக் முறையிலேயே விதிக்கப்பட்டுள்ளது. ரயில்வே மாறிவிட்டது. டயர் வியாபாரமோ உலகத்தோடு ஒட்டியது. அமெரிக்க வழக்கம் அதில் ஊன்றியிருப்பதால் ராத்தல் இன்றும் அங்கே குடியிருக்கிறது.

இதுவரை திடப்பொருளின் எடையை வைத்தே அழுத்தத்தைப் பேசினோம். காற்றின் அழுத்தத்தைப் பேசவரும்போது மூன்றாவதாக ஒரு மொழி குறுக்கிடுகிறது. அதுவே பாதரசத்தின் உயரம். 1643-இல் இத்தாலிய விஞ்ஞானி டாரிசெல்லி, ஒருபுறம் மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, ஒரு கிண்ணத்துப் பாதரசத்தினுள் கவிழ்த்து நிறுத்தினார். குழாயிலிருந்த பாதரசம் முழுவதும் இறங்கிவிடவில்லை. ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிட்டது. வெளியிலிருக்கும் காற்று கிண்ணத்தை அழுத்தி அதனைத் தாங்கி நின்றது. பாதரசம் தண்ணீரைப் போல 13.6 மடங்கு கனமுடையது. ஆகவே 76 சென்டிமீட்டர்த் தூண், சதுர சென்டிமீட்டருக்கு 1,033 கிராம் எடை கொடுக்கிறது. கடல்மட்டத்தில் நம்மேல் கவிந்துள்ள காற்றின் அழுத்தம் அதுவே. ராத்தலில் அது 14.7.

காற்றுக்கு எடை உண்டென்றால், மேலே செல்லச் செல்ல அது குறையவேண்டுமன்றோ? இதனைச் சோதிக்க எண்ணிய பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல், தம் மைத்துனர் பெரியேயைப் பாரமானியோடு புய் தெ தோம் என்னும் மலைமேல் ஏறச் செய்தார். 1648-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் அது நிகழ்ந்தது. அடிவாரத்தில் 26 அங்குலத்துக்குச் சற்று மேலாக இருந்த பாதரசம், உச்சியில் 23 அங்குலத்துக்கு அருகே இறங்கிவிட்டது. இதைப் படிக்கும் ஒருவர், அடிவாரத்தில் 26 அங்குலந்தானா என்று வியக்கக்கூடும். அந்த அங்குலம் பிரெஞ்சு அங்குலம். ஆங்கில அங்குலத்தைவிட நீளமானது. ஒரே பெயருடைய அளவையும் நாட்டுக்கு நாடு மாறுபடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பெரியே ஏறியதைப் போன்ற மலையொன்று நம் அருகிலேயே இருக்கிறது. திருப்பதி நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 160 மீட்டர். திருமலைக் கோயில் ஏறத்தாழ 850 மீட்டர். சாதாரணமான வானிலையில் காற்றின் அழுத்தம் இவ்விடங்களில் எவ்வளவு இருக்குமென்று, விமானிகளும் வானிலை அறிஞர்களும் கையாளும் பொதுச் சூத்திரத்தைக் கொண்டு கணக்கிடலாம். திருப்பதியில் பாதரசம் 746 மில்லிமீட்டர் நிற்கும். திருமலையில் 686 மில்லிமீட்டர். ஆங்கில அங்குலத்தில் சொன்னால் 29.4 மற்றும் 27.0. மலையேறும் அந்தச் சிறு நேரத்தில் நம்மேலிருந்து அறுபது மில்லிமீட்டர்ப் பாதரசத்தின் பாரம் இறங்கிவிடுகிறது. காது ‘கம்’மென்று அடைத்துப் பின் திறப்பது இதனாலேயே. ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்திலுள்ள சித்தூரில் பாதரசம் 731 மில்லிமீட்டர் நிற்கும். அது சதுர சென்டிமீட்டருக்கு 993 கிராமுக்குச் சமம். ஒரு கிலோ அழுத்தம் எத்தகையது என்று எவரேனும் கேட்டால், சித்தூர்க் காற்றின் பாரமே ஏறத்தாழ அதுதான் என்று சொல்லிவிடலாம்.

பாதரசத்தின் உயரம் உண்மையில் அழுத்தமன்று, அழுத்தத்தின் அடையாளமே. எனவே விஞ்ஞானிகள் அடிப்படை அலகுகளிலிருந்தே ஓர் அளவையை வகுத்தனர். ஒரு சதுர மீட்டர்ப் பரப்பின்மேல் ஒரு நியூட்டன் விசை தாக்குவது ஒரு பாஸ்கல். 1971-இல் இப்பெயர் சர்வதேச மாநாட்டில் ஏற்கப்பட்டது. பாஸ்கல் மிகச் சிறியது. ஒரு ராத்தல் அழுத்தத்தில் 6,895 பாஸ்கல் அடங்கும். ஆதலால் நூறு பாஸ்கலை ஒரு ஹெக்டோபாஸ்கல் என்றும், ஆயிரத்தை ஒரு கிலோபாஸ்கல் என்றும், ஒரு லட்சத்தை ஒரு பார் என்றும் வழங்குவர். பழைய வானிலைப் படங்களில் கண்ட மில்லிபாரும் இன்றைய ஹெக்டோபாஸ்கலும் ஒன்றே, பெயர்தான் வேறு. கடல்மட்டக் காற்றழுத்தம் சராசரியாக 1013.25 ஹெக்டோபாஸ்கல். பாதரச மில்லிமீட்டரை நான்கால் பெருக்கி மூன்றால் வகுத்தால் ஹெக்டோபாஸ்கல் வந்துவிடும். 760-ஐ அவ்வாறு செய்து பார்த்தால் 1013.3 வருவதைக் காணலாம்.

வானொலியில் ஐப்பசி கார்த்திகை மாதங்களில் ‘வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை’ என்னும் அறிவிப்பை நாம் அடிக்கடி கேட்கிறோம். 2021 நவம்பரில் அத்தகைய தாழ்வு மண்டலம் ஒன்று புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தபோது, திருப்பதி வெள்ளத்தில் மிதந்ததை மறந்திருக்க முடியாது. இத்தாழ்வு எவ்வளவு தாழ்வு? சாதாரணத் தாழ்வு மண்டலத்தில் பெரும்பாலும் பத்து ஹெக்டோபாஸ்கலுக்கும் உட்பட்டதே. ஆனால் 1999-இல் ஒடிசாவை அழித்த பெரும்புயலின் மையத்தில் அழுத்தம் 912 ஹெக்டோபாஸ்கலாக இறங்கியதென்று வானிலைத் துறை கணித்தது. இப்போது ஒரு விந்தையைக் கவனிக்கவேண்டும். திருமலையில் வானம் தெளிந்து காற்று அடங்கியிருக்கும் நன்னாளிலும், அங்கே வைத்த பாரமானி ஏறத்தாழ 915 ஹெக்டோபாஸ்கலைத்தான் காட்டும். எண்ணை மட்டும் பார்ப்பவருக்குத் திருமலையில் என்றும் பெரும்புயல் என்றே தோன்றும்!

இக்குழப்பத்தைத் தவிர்க்கவே, வானிலை நிலையங்கள் தம் பாரமானி காட்டும் அளவை, அவ்விடம் கடல்மட்டத்தில் இருந்தால் எவ்வளவு காட்டும் என்று கணக்கிட்டு மாற்றிக்கொள்கின்றன. அப்பொழுதுதான் சித்தூரையும் சென்னையையும் ஒரே படத்தில் வைத்து ஒப்பிட முடியும். அலகை மாற்றுவது போலவே இடத்தின் உயரத்துக்கு ஈடுசெய்வதும் மொழிபெயர்ப்பே.

மேலும் ஒன்று. டயருக்கு உகந்த மனக்கணக்கு வானிலைக்கு உகந்ததன்று. ஓர் அங்குலப் பாதரசம் 33.86 ஹெக்டோபாஸ்கல். இதனை எளிதாக 34 என்று வைத்துக்கொண்டு 29.92 அங்குலத்தை மாற்றினால் 1017 வரும். சரியான விடை 1013. நான்கு ஹெக்டோபாஸ்கல் பிழை, நூற்றுக்கு அரைப்பங்குகூட இல்லை. ஆயினும் ஒரு தாழ்வு மண்டலத்தையே மறைத்துவிட அது போதும். எந்த வேலைக்கு எவ்வளவு நுட்பம் தேவை என்று தெரிந்துகொள்வதும் அளவைக் கலையில் ஒரு பகுதியாகும்.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையேயுள்ள காதங்கி என்னும் சிற்றூரில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் அமைந்திருக்கிறது. தரையிலிருந்து பல கிலோமீட்டர் உயரம்வரை காற்றின் போக்கை ஆராயும் பெரிய ராடார் அங்கே இயங்குகிறது. வளிமண்டல அறிஞர்கள் உயரத்தை மீட்டரில் சொல்லாமல் அழுத்தத்திலேயே சொல்வதுண்டு. 850 ஹெக்டோபாஸ்கல் மட்டம் என்றால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர்; 500 என்றால் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் தலைக்குமேல் அவ்வளவு தூரம் சென்றால், காற்றில் பாதியைக் கீழே விட்டுவிட்டோம் என்பது பொருள்.

இனி, பலரும் தடுமாறும் ஓரிடத்துக்கு வருவோம். காற்றில்லாத டயரை அளந்தால் கருவி சுழியைக் காட்டுகிறது. ஆனால் அதனுள்ளும் வெளிக்காற்று இருக்கத்தானே செய்கிறது? ஆம். சாதாரணக் கருவிகள் வெளிக்காற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தை மட்டுமே காட்டுகின்றன. இதனை ‘கருவி அழுத்தம்’ எனலாம். வெளிக்காற்றையும் சேர்த்தால் வருவது ‘முழு அழுத்தம்’. 32 ராத்தல் காட்டும் டயரில் கடல்மட்டத்தில் முழு அழுத்தம் ஏறத்தாழ 46.7 ராத்தல். பழைய ரயில் வண்டிகளின் வெற்றிடத் தடையிலோ கணக்கு எதிர்மாறானது. அங்கே 21 அங்குலம் என்றால், வெளிக்காற்றின் 30 அங்குலத்திலிருந்து 21 நீக்கப்பட்டுவிட்டது. 9 அங்குலமே எஞ்சியிருக்கிறது என்பது பொருள். இன்ன வகை அழுத்தம் என்று அறியாமல் அலகை மட்டும் மாற்றினால், கணக்குச் சரியாக இருந்தும் விடை தவறாகிவிடும்.

அடிவாரத்தில் காற்றடித்த டயர் மலைமேல் என்னாகும் என்று சிலர் ஐயுறுவதுண்டு. வெளிக்காற்றின் அழுத்தம் திருப்பதியில் 14.4 ராத்தல், திருமலையில் 13.3. வெளிக்காற்று குறைந்ததால் கருவி ஒரு ராத்தலுக்குச் சற்று மேலாகக் கூட்டிக் காட்டும். ஆனால் மலைமேல் உஷ்ணநிலை ஏறத்தாழ நான்கைந்து டிகிரி குறைவு. டயரும் அவ்வளவு குளிர்ந்தால் உள்ளிருக்கும் காற்று ஏறத்தாழ முக்கால் ராத்தல் சுருங்கும். இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், மலைக்கென்று காற்றைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுவதில்லை. ஆனால் ஏறி முடிந்த சூட்டோடு அளந்து, ‘அதிகமாயிற்றே’ என்று காற்றைத் திறந்துவிடுவது அபாயம். டயர் குளிர்ந்திருக்கும்போது அளப்பதே முறை.

சமையலறையிலும் இக்கணக்கு உண்டு. திறந்த பானையில் தண்ணீர் கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கிறது. திருமலையில் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். எனவே பருப்பு வேக நேரமாகும். பிரஷர் குக்கரோ வெளிக்காற்றுக்குமேல் ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தத்தை, அதாவது 15 ராத்தலை, நீராவியில் தேக்குகிறது. கடல்மட்டத்தில் உள்ளே 121 டிகிரி எழும். மலையில் அது ஒன்றரை டிகிரியே குறையும். மலைவாழ்வோருக்குக் குக்கர் செய்யும் உதவி இதுவே.

வானூர்தியில் இம்மொழிபெயர்ப்பு உயிரோடு ஒட்டிய காரியமாகிறது. விமானத்தின் உயரங்காட்டி ஒரு பாரமானியே. இறங்கப்போகும் இடத்தின் கடல்மட்ட அழுத்தத்தைக் கட்டுப்பாட்டு நிலையத்தார் சொல்ல, விமானி அதைக் கருவியில் பதிக்கிறார். இந்தியாவில் அது ஹெக்டோபாஸ்கலிலும், அமெரிக்காவில் பாதரச அங்குலத்திலும் சொல்லப்படுகிறது. முதல் எண்ணை விழுங்கி ‘992’ என்று மட்டும் சொன்னால், அது 29.92 அங்குலமாகவும் இருக்கலாம், 992 ஹெக்டோபாஸ்கலாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் இடையே 21 ஹெக்டோபாஸ்கல்; உயரத்தில் அது ஏறத்தாழ 580 அடி. 2022 மே மாதத்தில் பாரிஸ் நகரை அணுகிய விமானம் ஒன்றுக்கு 1001 என்று சொல்வதற்குப் பதிலாக 1011 என்று சொல்லிவிட்டனர். பத்து ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு விமானத்தை ஏறத்தாழ 280 அடி தாழ்த்திவிட்டது. ஓடுபாதைக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் முன்னதாகவே அது தரையிலிருந்து ஆறடி உயரத்துக்கு வந்து, பின் மேலெழுந்து தப்பியது. அங்கே அலகு மாறவில்லை. ஓர் எண் மட்டுமே மாறியது. அலகே மாறினால் என்னாகும் என்பதை இதிலிருந்து உய்த்துணரலாம்.

மருத்துவமனையில் மட்டும் பழைய பாதரச மில்லிமீட்டர் அசையாமல் இருக்கிறது. இரத்த அழுத்தம் 120-க்கு 80 என்றால் பாதரச மில்லிமீட்டர் என்றே பொருள். கிலோபாஸ்கலில் அது 16-க்கு 10.7. பாதரசம் நச்சுப்பொருள் என்பதால், 2013-இல் உருவான மினமாட்டா உடன்படிக்கையின்படி பாதரசக் கருவிகள் விலக்கப்பட்டு வருகின்றன. கருவியிலிருந்து பாதரசம் போகிறது. கணக்கில் பாதரசம் நிற்கிறது. மருத்துவரும் நோயாளியும் ஒரே எண்ணைப் புரிந்துகொள்ளும்வரை அதனை மாற்றாதிருப்பதே நலம். பழக்கத்தில் ஊன்றிய அளவையை அவசரத்தில் மாற்றுவதும் ஒரு வகை அபாயமே.

அன்பர்கள் வெட்டி வைத்துக்கொள்ளத்தக்க சிறு வாய்ப்பாடு இது:

ஒரு ராத்தல் அழுத்தம் = 0.0703 கிலோ அழுத்தம் = 6.895 கிலோபாஸ்கல்
ஒரு கிலோ அழுத்தம் = 14.22 ராத்தல் = 98.07 கிலோபாஸ்கல்
ஒரு பார் = 14.50 ராத்தல் = 1.02 கிலோ = 100 கிலோபாஸ்கல்
ஓர் அங்குலப் பாதரசம் = 25.4 மில்லிமீட்டர்ப் பாதரசம் = 33.86 ஹெக்டோபாஸ்கல்
கடல்மட்டக் காற்றழுத்தம் = 14.70 ராத்தல் = 1.033 கிலோ = 760 மில்லிமீட்டர்ப் பாதரசம் = 29.92 அங்குலம் = 1013.25 ஹெக்டோபாஸ்கல்

பாரும் கிலோ அழுத்தமும் நூற்றுக்கு இரண்டு பங்கே வேறுபடுவதால், டயருக்கு இரண்டையும் ஒன்றாகக் கொள்வதில் தீங்கில்லை. கொதிகலனுக்கும் சோதனைச்சாலைக்கும் அவ்வாறு கொள்ளலாகாது.

வாய்ப்பாட்டைவிட மூன்று பழக்கங்கள் முக்கியமானவை. எண்ணைச் சொல்லும்போது அலகையும் சேர்த்தே சொல்லவேண்டும். ‘முப்பது’ என்பது அளவன்று, ‘முப்பது ராத்தல்’ என்பதே அளவு. கேட்பவர் அதனைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொள்ளவேண்டும். வந்த விடை பொருத்தமானதுதானா என்று ஒரு கணம் நின்று பார்க்கவேண்டும். காரின் டயருக்கு முப்பது கிலோ என்று கணக்கு வந்தால், தவறியது கணக்கே என்று உணர்ந்து கையை நிறுத்தத் தெரியவேண்டும்.

தொழில் தேடி ஊர்விட்டு ஊர் சென்ற நம்மவருள் ஓட்டுநர்களும் பட்டறைத் தொழிலாளரும் கொதிகலன் காப்போரும் பலர். தமிழில் கற்ற தொழிலைத் தெலுங்கிலோ இந்தியிலோ கேட்டு, ஆங்கிலத்தில் அச்சிட்ட முகப்பைப் பார்த்துச் செய்யவேண்டிய நிலையில் அவர்கள் இருக்கிறார்கள். சொல் எம்மொழியில் இருந்தாலும், முள் காட்டும் எண்ணோடு எந்த வட்டம் சேர்கிறது என்று அறிந்துவிட்டால், தம் கையை நம்பி வண்டியேறியவர்களை அவர்கள் பத்திரமாக மலையேற்றி இறக்கலாம்.